கூடி நடத்தல்

நடத்தல் மனிதனுக்கு இயல்பாக அமைந்த செயல். தவழ்ந்து திரிந்த குழந்தை தளர்ந்து எழுந்து முதலடி எடுத்து வைக்கும் நாளில் வீட்டார் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆயினும், வளர்ந்த பின்னர் அக்குழந்தையே ஊர்தியை நாடுகிறது. கால்களின் பயனை மறந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய தொலைவில் குன்று இருக்கும். அதன் உச்சியை மிதித்தவர் ஊரில் சிலரே இருப்பர். கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கும். அதன் கரையோரமாக அடுத்த ஊர் வரையில் நடந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒருவர் தனித்து ஒரு நாள் நடந்து வருதல் எளிது. பலர் ஒன்றுகூடி, ஆண்டு முழுவதும் முறை தவறாமல், வயலும் மலையும் கடற்கரையும் சுற்றி நடந்து, ஒருவர்க்கும் தீங்கு நேராமல் வீடு திரும்புதல் அத்துணை எளிதன்று. அஃது ஒரு கலை. அக்கலைக்கு உடல் வலிமை மட்டும் போதாது, முன்னறிவு வேண்டும், கணக்கு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் வருவோர்பால் பரிவு வேண்டும். இக்கலை செழித்து வளர்ந்த நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அங்கு அஃது எவ்வாறு தோன்றியது என்பதும், எவ்விதிகளைத் துணையாகக் கொண்டு வளர்ந்தது என்பதும் அறியத்தக்கன.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஷெபீல்டு என்னும் நகரம் உள்ளது. கத்திக்கும் எஃகுக்கும் உலகெங்கும் பெயர் பெற்ற நகரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்தின் வானம் ஆலைப் புகையால் கறுத்திருந்தது. உலைக்களத்தின் வெம்மையிலும் சம்மட்டியின் ஓசையிலும் தொழிலாளர் வாரமெல்லாம் உழைத்தனர். அவர்களுக்குக் கிடைத்த முழு ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. நகரத்துக்கு மேற்கே, சில மணி நேரத்தில் சென்று அடையத்தக்க தொலைவில், பசிய பள்ளத்தாக்குகளும் பரந்த மலைவெளிகளும் இருந்தன. அவற்றுள் உயர்ந்தது கிண்டர் ஸ்கௌட் என்னும் மலை. அதன் உயரம் 636 மீட்டர். தூய காற்று அருகிலேயே இருந்தது. எனினும் புகையிலே வாழ்ந்த மக்களுள் பலர் அதனை நுகர்ந்தறியாமலே முதுமை எய்தினர்.

அந்நகரத்து எஃகுத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜி. எச். பி. வார்டு என்னும் இளைஞர் இந்நிலையை எண்ணி வருந்தினார். அப்போது அவருக்கு வயது 24. 'கிளாரியன்' என்னும் தொழிலாளர் வார இதழில் அவர் ஒரு சிறு விளம்பரம் வெளியிட்டார். கிண்டர் மலையைச் சுற்றி ஒரு நாள் நடக்க விரும்புவோர் வரலாம் என்பதே அதன் பொருள். 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவரையும் சேர்த்துப் பதினால்வரே அன்று கூடினர். அவருள் மூவர் பெண்டிர். புகைவண்டியில் எடேல் என்னும் சிற்றூரை அடைந்து, அங்கிருந்து மலையைச் சுற்றி ஏறத்தாழ 20 மைல் நடந்து, மாலையில் அவர்கள் வீடு திரும்பினர். அவர்கள் நடந்த வழியில் ஒரு பகுதி, மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1897இல்தான், நடைவழிகளைக் காக்கும் கழகம் ஒன்றின் முயற்சியால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. அவ்வழி இல்லையேல் அவர்கள் மலையைச் சுற்றி வந்திருத்தல் அரிது.

அந்த ஒரு நாள் மகிழ்ச்சியோடு பதினால்வரும் கலைந்திருப்பின், அந்நடையை இன்று ஒருவரும் நினைவுகூரார். வார்டு அதனை ஒரு தொடக்கமாகக் கொண்டார். 'ஷெபீல்டு கிளாரியன் நடைக்குழு' என்ற பெயரோடு ஒரு குழு அமைந்தது. சட்டைப் பையில் அடங்கத்தக்க கையடக்க நூல் ஒன்றை அக்குழு ஆண்டுதோறும் வெளியிட்டது. எந்த ஞாயிறு எந்த வழியில் நடப்பது என்ற பட்டியல் அதில் இருந்தது. நடைவழியில் காணும் ஊர்ப்பெயர்களின் வரலாறு, மறைந்துபோன பழைய பாதைகள், மலைவாழ் மக்களின் கதைகள் முதலியனவும் அதில் இடம்பெற்றன. வார்டு தாமே பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து அவற்றை எழுதினார். காலுக்குப் பயிற்சி தந்த குழு கருத்துக்கும் உணவு தந்தது.

அக்கையடக்க நூல் உணர்த்தும் முதற்பாடம் ஒன்று உண்டு. 'ஒரு நாள் போகலாம்' என்று சொல்லுவோர் ஒரு நாளும் போவதில்லை. நாளும் இடமும் முன்னரே குறிக்கப்பெற்றால்தான் நடை நிகழும். எட்டுப் பேர் அல்லது பத்துப் பேர் கொண்ட சிறு குழு, ஆண்டின் தொடக்கத்திலேயே ஓரிடத்தில் அமர்ந்து, மாதம் ஒரு நடையோ இரண்டு நடையோ என்று முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒருவர் தலைமை ஏற்றல் வேண்டும். ஒருவரே ஆண்டு முழுவதும் தலைமை தாங்கினால் மற்றவர் வழி அறியாமலே பின்தொடர்வர். தலைவர் நோயுற்ற நாளில் குழுவே நோயுற்றுவிடும். தலைமையை மாற்றி மாற்றி ஏற்கும் குழுவில் அனைவரும் வழி அறிவர், பொறுப்பும் அறிவர்.

நடையைத் திட்டமிடுங்கால் முதலில் நோக்கத்தக்கது பருவம். இங்கிலாந்தின் வடபகுதியில் ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் மாதத்திலோ மாலை 4 மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுவான். ஆகவே கோடையில் நெடிய மலைநடைகளும் குளிர்காலத்தில் குறுகிய பள்ளத்தாக்கு நடைகளும் அமைத்தல் பொருந்தும். எந்த நாளாயினும், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நடை முடியுமாறு வகுத்தல் நன்று. அந்த ஒரு மணி நேரம் வீண் அன்று. வழி தவறினாலோ, ஒருவருக்குக் கால் சுளுக்கினாலோ அதுவே குழுவைக் காக்கும் சேமிப்பாகும்.

அடுத்துக் கருதத்தக்கது நிலப்படம். இங்கிலாந்தின் அரசு நில அளவைத் துறை 1791இல் தோன்றியது. அத்துறை வெளியிடும் நடைப்படங்களில் ஒரு கிலோமீட்டர் நிலம் நான்கு சென்டிமீட்டர் அளவாக வரையப்பட்டிருக்கும். ஓடை, வேலி, பாழடைந்த குடிசை, பொதுமக்கள் நடக்கும் உரிமையுள்ள பாதை ஆகிய யாவும் அதில் இருக்கும். மலையின் உயரத்தைக் காட்டும் சம உயரக் கோடுகளும் இருக்கும். அக்கோடுகள் விலகி இருப்பின் நிலம் மெல்லச் சரிகிறது என்றும், நெருங்கி இருப்பின் செங்குத்தாக உயர்கிறது என்றும் அறியலாம். படத்தில் ஒரு விரற்கடை அளவு தோன்றும் வழி, நிலத்தில் மூச்சு வாங்கும் ஏற்றமாக இருத்தல் கூடும். அதனை வீட்டில் அமர்ந்தே அறிந்துகொள்ளுதல்தான் படம் படிக்கும் திறமை. இக்காலத்தில் கைப்பேசியே வழிகாட்டுகிறது என்பது உண்மை. ஆயினும் மழையில் நனைந்தாலோ மின்னாற்றல் தீர்ந்தாலோ அது வாயடைத்துப் போகும். தாளில் அச்சிட்ட படமும் திசைகாட்டியும் ஒருநாளும் அவ்வாறு கைவிடுவதில்லை.

ஒரு வழியை நடந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவ்வினாவுக்கு விடை காண எளிய கணக்கு ஒன்றை ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் நேஸ்மித் என்பவர் 1892ஆம் ஆண்டில் வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதனோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பதே அக்கணக்கு. இக்கால அளவையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் எனக் கொள்ளுவர்.

எடுத்துக்காட்டாக, 15 கிலோமீட்டர் நீளமும் மொத்தம் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு வழியைக் கருதலாம். தொலைவுக்கு மூன்று மணி நேரம். ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். ஆக நான்கு மணி நேரம். ஆனால் இது உடல் உரம் மிக்கவர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. நண்பகல் உணவு, இளைப்பாறுதல், வேலிகளைக் கடத்தல், காட்சிகளைக் கண்டு நிற்றல் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு குழுவுக்கு ஆறு மணி நேரம் ஆகும். காலை 10 மணிக்குப் புறப்பட்டால் மாலை 4 மணிக்கு முடியும். கோடையில் இவ்வழி இனிய வழி; டிசம்பரில் இதுவே இருளில் தவிக்கவிடும் வழி. வழி ஒன்றே, காலம் வேறு. ஆதலின் குளிர்காலத்தில் ஒன்று, காலை 9 மணிக்கே புறப்பட வேண்டும். அன்றேல் வழியைக் குறைக்க வேண்டும். இவ்வாறு கணக்கிட்டு அறியாதவர் பிறரை அழைத்துச் செல்லுதல் தகாது.

படத்தில் வகுத்த வழியைத் தலைவர் ஒருமுறை தாமே முன்னதாக நடந்து பார்த்தல் வேண்டும். படம் சொல்லாத செய்திகள் பல உள. பாலம் வெள்ளத்தில் இடிந்திருக்கும். பாதையில் முட்புதர் மூடியிருக்கும். காளை ஒன்று மேய்ச்சல் வெளியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடைசிப் பேருந்து முன்னதாகவே போய்விடும். நடுவழியில் மழையோ நோயோ வந்துற்றால் விரைந்து ஊரை அடையும் குறுக்குவழி எங்கே பிரிகிறது என்பதையும் அப்போதே கண்டு குறித்துக்கொள்ள வேண்டும். 'இன்ன இடத்தை இன்ன நேரத்துக்குள் அடையாவிடில் திரும்பிவிடுவது' என்ற எல்லையையும் அப்போதே வரையறுத்துக்கொள்ள வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்புதல் எவர்க்கும் கசப்பானதே. வீட்டில் தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவுதான், மலையில் ஆர்வம் மேலிடும் வேளையில் அறிவுக்குத் துணை நிற்கும்.

நடக்கும் நாளில் குழு எவ்வாறு செல்லுதல் வேண்டும்? முன்னால் தலைவர், பின்னால் வழி அறிந்த மற்றொருவர். பின்னவருக்குப் பின்னால் எவரும் இருத்தல் ஆகாது. வேலிப்படி, பாதை பிரியும் இடம், காட்டின் நுழைவு ஆகிய இடங்களில் தலைகளை எண்ணுதல் வேண்டும். இவையனைத்தும் எளிய விதிகள். இவற்றினும் நுட்பமான ஒரு விதி உண்டு. அது பலராலும் மறக்கப்படுவது.

விரைந்து நடப்போர் மலையேற்றத்தின் மேற்புறத்தை முதலில் அடைகின்றனர். பாறை மேல் அமர்ந்து நீர் அருந்தி இளைப்பாறுகின்றனர். பத்து நிமிடம் கழித்து, பின்தங்கியவர் வியர்வை வழிய வந்து சேருகின்றார். அவரைக் கண்டதும், 'எல்லோரும் வந்துவிட்டோம், புறப்படலாம்' என்று கூறி அனைவரும் எழுகின்றனர். ஓய்வு வேண்டாதவர்க்கு ஓய்வு கிடைத்தது, வேண்டியவர்க்குக் கிடைக்கவில்லை. நாள் முழுவதும் இவ்வாறே நிகழுமாயின், மாலைக்குள் அவர் சோர்ந்து விழுவார். அடுத்த நடைக்கு வரவும் மாட்டார். 'எனக்கு இது ஏலாது' என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். உண்மையில் குறை அவருடையது அன்று, குழுவினுடையது. ஆதலின், கடைசியில் வந்தவர் அமர்ந்து, நீர் அருந்தி, மூச்சுச் சீரான பின்னரே ஓய்வு நேரம் தொடங்கியதாகக் கொள்ளல் வேண்டும். ஒரு குழுவின் வேகம், அதன் மிக மெல்லிய நடையாளரின் வேகமே ஆகும். இவ்வுண்மையை உணர்ந்த குழு நெடுநாள் வாழும்.

மலைநாட்டில் வானிலை விரைந்து மாறும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு பாகை குறையும். அதனோடு காற்றும் மழையும் கலந்தால், கோடையிலும் உடல் விறைத்துப்போதல் கூடும். நனைந்த பருத்தி ஆடை உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். கம்பளி ஆடை நனைந்த பின்னரும் ஓரளவு வெம்மை தரும். ஆதலின் மழையுடை, மாற்று மேலாடை, உணவு, நீர், கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், ஊதல் ஆகியன ஒவ்வொரு பையிலும் இருத்தல் வேண்டும். ஊதல் விளையாட்டுப் பொருள் அன்று. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊதுதல் அந்நாட்டு மலைகளில் உதவி வேண்டும் குறியாகும். அதனைக் கேட்டவர் மூன்று முறை ஊதி விடையளிப்பர். எந்த வழியில் செல்லுகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுதலும் இன்றியமையாதது. சொல்லாமற் சென்றவரை எங்கே சென்று தேடுவது?

இதுகாறும் கூறியவை மலைக்கும் வயலுக்கும் உரியன. கடற்கரை நடைக்கு மற்றொன்றும் வேண்டும். மலைநடைக்கு நாட்காட்டி போதும். கடற்கரை நடைக்கு ஓத அட்டவணையும் வேண்டும்.

தமிழகக் கடற்கரையில் கடல்நீரின் ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினவே. ஆதலின் இங்கு வாழ்வோர் அவற்றைப் பெரிதாகக் கருதுவதில்லை. இங்கிலாந்தின் மேற்குக் கரையிலோ நிலைமை வேறு. பிரிஸ்டல் கால்வாயில் நீர் ஏறி இறங்கும் அளவு 12 மீட்டருக்கும் மேற்படும். அஃதாவது, மூன்று மாடி வீட்டின் உயரம். காலையில் பரந்த மணல்வெளியாகத் தோன்றிய இடம் மாலையில் ஆழ்கடல் போலக் காட்சி தரும்.

நீர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் அது ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு கூறாக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு கூறும், இரண்டாவதில் இரண்டு கூறும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று கூறும், ஐந்தாவதில் இரண்டு கூறும், ஆறாவதில் ஒரு கூறும் ஏறும் என்பது மாலுமிகள் கொள்ளும் கணக்கு. பன்னிரண்டு மீட்டர் ஏறும் இடத்தில், முதல் மணி நேரத்தில் நீர் ஒரு மீட்டரே உயரும். அதைக் கண்டு, 'கடல் மெல்லத்தானே வருகிறது' என்று எண்ணி மணலில் உலவுவோர் ஏமாறுவர். மூன்றாம் மணி நேரத்தில் அதே கடல் மூன்று மீட்டர் உயரும்.

நீர் ஏறும் நேரமும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். இதனால் விளையும் ஒரு சூழ்ச்சியை நடைத்தலைவர் நன்கு உணர்தல் வேண்டும். நாளொன்றுக்கு 50 நிமிடம் எனின், ஏழு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆகவே, இந்த ஞாயிறு காலை 10 மணிக்கு நீர் வற்றி, மணல் விரிந்து கிடக்கும் கரையில், அடுத்த ஞாயிறு அதே 10 மணிக்கு நீர் நிறைந்து நிற்கும். வழி பார்த்து வருவதற்காக ஒருவாரம் முன்னதாகச் சென்ற தலைவர், பாறை முனையைச் சுற்றி உலர்ந்த மணலில் எளிதாக நடந்து வருகின்றார். 'நல்ல வழி' என்று குறித்துக்கொள்கின்றார். மறுவாரம் அதே நேரத்தில் குழுவை அழைத்துச் செல்கின்றார். அங்கே வழி இல்லை; பாறையில் மோதும் அலையே உள்ளது. முனையைக் கடந்த பின் நீர் சூழ்ந்தாலோ, முன்னே கடல், பின்னே செங்குத்துப் பாறை என்னும் நிலை வந்துவிடும். ஆனால் இரு வாரம் கழித்துச் செல்பவர் ஏறத்தாழ அதே நிலையில் கடலைக் காண்பர். ஆதலின் கடற்கரை நடைக்கு உரிய நாளை முதலில் குறித்துவிட்டு அட்டவணையைப் பார்த்தல் தவறு. அட்டவணையைப் பார்த்த பின்னரே நாளைக் குறித்தல் வேண்டும். முழுமதி நாளையும் புதுமதி நாளையும் ஒட்டி நீர் மிக உயர்ந்து ஏறும்; மிகத் தாழ்ந்து இறங்கும். அந்நாள்களில் விழிப்பு இருமடங்கு வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் மோர்கம்பு விரிகுடா உள்ளது. நீர் வற்றும்போது அங்கே பல கல் தொலைவு மணல் தோன்றும். அம்மணலின் குறுக்கே ஏறத்தாழ எட்டு மைல் நடந்து மறுகரை சேரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயினும் அங்கு நிலையான பாதை என்று ஒன்றும் இல்லை. ஆறுகள் மணலுக்குள் தம் தடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று உறுதியாக இருந்த இடம் இன்று புதைமணலாகும். ஆகவே அவ்வழியைக் காட்டுதற்கு அரசச் சார்பில் வழிகாட்டி ஒருவரை நியமிக்கும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. செட்ரிக் ராபின்சன் என்பவர் 1963 முதல் 2019 வரை அப்பணியைச் செய்தார். நடைக்கு முன்னர் மணலில் சென்று, ஆற்றின் ஆழத்தைக் கோலால் அளந்து, வழிநெடுக மரக்கிளைகளை நட்டு அடையாளம் செய்து வைத்தல் அவ்வழிகாட்டியின் முறை. ஐம்பது ஆண்டு அனுபவம் உடையவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சென்று பார்த்தார் என்பது எண்ணத்தக்கது.

அதே விரிகுடாவில், 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் இரவு, கிளிஞ்சல் பொறுக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்த சீனத் தொழிலாளர் 21 பேரேனும் ஏறி வந்த நீரில் மூழ்கி உயிர் நீத்தனர். அவர்கள் இன்பத்துக்காக நடக்கச் சென்றவர் அல்லர், பிழைப்புக்காக அனுப்பப்பட்டவர். அக்கடலின் இயல்பை அறிந்த எவரும் அவர்களை வழிநடத்தவில்லை. அட்டவணையில் உள்ள ஓர் எண், மனித உயிரின் விலை பெறும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

மணலில் இறங்காமல் கடலை ஒட்டிய மேட்டின் மீது நடக்கும் வழிகளும் உள. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைச் சுற்றி 630 மைல் நீளும் கடற்கரைப் பாதை அவற்றுள் புகழ்பெற்றது. அதன் தோற்றம் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரி செலுத்தாமல் சரக்குகளைக் கள்ளத்தனமாக இறக்குவோர் அக்கரையில் மிகுந்திருந்தனர். ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்துக் காவல் காத்தவர் நடந்து நடந்தே அப்பாதை உருவாயிற்று. அதனால் அது கடலை விட்டு விலகாமல் ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஏறுகிறது. அதன் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 35,000 மீட்டர் ஆகும். அஃதாவது எவரெஸ்டுச் சிகரத்தின் உயரத்தைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கடற்கரை என்றால் சமநிலம் என்று எண்ணி, நேஸ்மித் கணக்கை மறந்து செல்லுவோர் அங்கே நன்கு பாடம் கற்பர்.

இத்துணை வழிகளும் மக்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. கிண்டர் மலை ஒரு காலத்தில் செல்வர் சிலர் பறவை வேட்டையாடும் இடமாக இருந்தது. ஆண்டில் சில நாள் நிகழும் வேட்டைக்காக ஆண்டு முழுவதும் அங்குக் காவலர் நின்று, நடக்க வந்தவரைத் துரத்தினர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பென்னி ரோத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் தடையை மீறி அம்மலையில் ஏறினர். காவலருக்கும் அவர்களுக்கும் கைகலப்பு நேர்ந்தது. இளைஞர் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. பழைய நடைக்கழகங்களின் தலைவர் பலர் சட்டத்தை மீறுதலை அப்போது ஒப்பவில்லை. எனினும் அத்தண்டனை, நாடெங்கும் மக்கள் உள்ளத்தில் இரக்கத்தையும் சினத்தையும் எழுப்பியது.

அதன்பின் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1949இல் நாட்டுப் பூங்காக்களுக்கும் நடைவழிகளுக்குமான சட்டம் நிறைவேறியது. 1951இல் கிண்டர் மலையை உள்ளிட்ட பகுதி இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1965ஆம் ஆண்டு, அதே ஏப்ரல் 24ஆம் நாளில், எடேல் சிற்றூரில் தொடங்கி ஸ்காட்லாந்து வரை 268 மைல் செல்லும் பென்னைன் நெடுவழி திறக்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், மலைவெளிகளிலும் பொதுநிலங்களிலும் நடக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் கரையைச் சுற்றி நடைவழி அமைக்க வகை செய்தது. வேல்ஸ் நாட்டின் கரையோரப் பாதை 870 மைல் நீளத்தோடு 2012இல் திறக்கப்பெற்றது. 2002ஆம் ஆண்டில், கிண்டர் நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு விழாவில், அக்காலத்து நில உடைமையாளர் ஒருவரின் பேரனாகிய டெவன்ஷயர் கோமகன், தம் பாட்டனார் செய்த தவற்றுக்காக மக்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார்.

உரிமை பெற்றோர் கடமையையும் மறத்தல் ஆகாது. நடைவழி பெரும்பாலும் உழவர் நிலத்தின் ஊடே செல்லும். திறந்த படலை மூடாது சென்றால் ஆடுகள் பயிரில் புகும். எறிந்த கண்ணாடித் துண்டு கன்றின் காலைக் கிழிக்கும். அணையாத நெருப்பு மலையையே எரிக்கும். 'நடையாளர் வந்தனர்' என்றால் உழவர் முகம் மலர வேண்டும், சுளிக்கக் கூடாது. நடந்து சென்ற இடத்தில் காலடித் தடம் ஒன்றே எஞ்சுமாறு செல்லுவதே நல்ல குழுவுக்கு அழகு.

வார்டு 1957ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1945இல், நடையாளர் பலர் பொருள் திரட்டி, அவர் நெடுங்காலம் நடந்த குன்று ஒன்றின் உச்சியில் 54 ஏக்கர் நிலத்தை வாங்கி அவருக்குப் பரிசளித்தனர். அவர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. எவரும் என்றும் நடக்கலாம் என்று நாட்டின் பொது அறக்கட்டளைக்கே வழங்கிவிட்டார். அக்குன்றின் உச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பதினால்வரோடு தொடங்கியது அந்நடை. அவர்களிடம் பெருஞ்செல்வம் இருந்ததில்லை, அதிகாரம் இருந்ததில்லை. ஒரு விளம்பரமும் ஒரு நிலப்படமும் குறித்த நாளில் தவறாமல் வரும் உறுதியும் இருந்தன. கூடி நடக்கும் குழுவுக்கு இன்றும் வேண்டியன அவையே. நாளைக் குறித்து, வழியை அறிந்து, கடலின் கணக்கைப் பார்த்து, பின்தங்கியவருக்காகக் காத்திருந்து நடப்பவர், காலப்போக்கில் தம் ஊரையும் அறிவர். உடன் வருவோரையும் அறிவர். மாலையில் தலைகளை எண்ணும்போது காலையில் எண்ணிய எண்ணே வருமாயின், அதுவே அந்நாள் நடையின் வெற்றி.